காதலுக்குக் குறுக்கே நிற்கவேண்டிய இயந்திரம்

'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரில் 2010 ஜூன் மாதம் வந்த 'தி லாட்ஜர்' என்ற ரொமான்டிக் காமெடி எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டு மாடியில் விண்கலம் ஒன்று விழுந்து கிடக்கிறது. ஓட்ட ஆள் இல்லை. தெருவில் போகிறவர்களைக் குரல் கொடுத்து மேலே வரவழைக்கிறது. வந்தவர்களால் அதை ஓட்ட முடியவில்லை, கருகிப்போகிறார்கள். ஆனால் நேர் கீழே குடியிருக்கும் கிரெய்கை அது ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'இங்கிருந்து போய்விட வேண்டும்' என்று நினைப்பவர்களைத்தான் அது கூப்பிடும். கிரெய்க் எங்கேயும் போக விரும்பாதவன். ஏன் விரும்பவில்லை என்றால், அடிக்கடி வந்துபோகும் தோழி சோஃபி. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சோஃபியும் அதுவரை தப்பித்துதான் வந்தாள். வெளிநாடு போய் விலங்குகளுக்காக வேலை செய்யலாம் என்று அவள் முடிவெடுத்த பிறகுதான் மாடி அவளைக் கூப்பிடுகிறது. கிரெய்க் ஓடிப்போய் கலத்தின் பலகையில் கையை வைக்கிறான். ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்று, அவன் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் தொடரின் நாயகன் டாக்டர் கேட்கிறார். "சோஃபி" என்ற ஒரு பெயர்தான் பதில். கலம் செயலிழந்து நிற்கிறது.

அறிவியல் புனைவுத் தொடர்களில் ரொமான்டிக் காமெடி எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மனதில் இருந்த காதல்தான் அவனைக் காப்பாற்றியது, அதைச் சொன்னதுதான் இயந்திரத்தை நிறுத்தியது. காதல் கதைக்கும் இயந்திரக் கதைக்கும் ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் மற்றது தானாக அவிழ்கிறது. (இனி வரும் தொடர்களின் முடிவுகளையும் சொல்லித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் கவனம்.)

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கதையிலிருந்து இயந்திரத்தையோ வேற்றுக்கிரகவாசியையோ எடுத்துவிட்டு, மின்தடையில் நின்றுபோன லிஃப்டைப் போட்டுப் பாருங்கள். காதல் கதை அப்படியே நின்றால் இயந்திரம் வெறும் அலங்காரம். விண்வெளித் தொடர்களில் அலுத்துப்போன அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இருவர் சிறு ஓடத்தில் சிக்கிக்கொள்வார்கள், ஆக்சிஜன் குறையும், மனதில் இருப்பதைச் சொல்வார்கள், மீட்புக் கலம் வரும், அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருப்பார்கள். அங்கே லிஃப்ட் போதும். விண்கலத்துக்கான செலவு வீண்.

மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் விசித்திர வழக்குகளைத் துப்பறியும் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ஆறாவது சீசனில் இந்தச் சோதனைக்கு இரண்டு பக்கமும் உதாரணம் கிடைக்கிறது. 1999 ஜனவரியில் வந்த 'தி ரெயின் கிங்'கில் கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் வானிலை மொத்தமும் ஹோல்மன் ஹார்ட் என்ற வானிலை அறிவிப்பாளரின் மனதோடு கட்டப்பட்டிருக்கிறது. ஷீலா மீது பள்ளிக்காலம் முதல் இருக்கும் ஆசையை அவர் சொல்லாமல் அடக்கி வைக்க வைக்க, ஊரில் வறட்சி, ஆலங்கட்டி, சூறாவளி. பறந்துவந்த மாடு ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு மல்டர் தங்கியிருந்த அறைக்குள் விழுகிறது. வழக்கை முடிக்க ஒரே வழி, மல்டர் அந்த மனிதருக்குக் காதலைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது. வாழ்நாளில் யாரிடமும் மனதைத் திறக்காத மல்டர்! ஸ்கல்லியை நீங்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே என்று ஹோல்மன் திருப்பிக் கேட்கும்போது காமெடி மூன்றாவது தளத்துக்கும் போய்விடுகிறது. இதிலிருந்து வானிலையை எடுத்துவிட்டால் கதையே கிடையாது.

அதே ஆண்டு மார்ச்சில் 'ஆர்கேடியா'. மல்டரும் ஸ்கல்லியும் கணவன் மனைவியாக நடித்து, கட்டுப்பாடு மிகுந்த ஒரு குடியிருப்பில் புகுகிறார்கள். பற்பசைக் குழாயை எங்கே பிடித்து அமுக்குவது என்பதில் தொடங்கி அவர்களுக்குள் நடக்கும் சில்லறைச் சண்டைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் குடியிருப்பின் விதியை மீறுபவர்களைத் தாக்கும் அந்த உருவம் ஒரு தண்டவாளம், போலித் திருமணம் இன்னொரு தண்டவாளம். இரண்டும் கடைசிவரை சேரவில்லை. எந்த இரண்டு அதிகாரிகள் போயிருந்தாலும் வழக்கு அப்படியேதான் முடிந்திருக்கும். ரசிக்கலாம், ஆனால் கட்டுமானத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இயந்திரத்துக்கு ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதியில் ஒரு எண் இருந்தால் இன்னும் நல்லது. 'கொஞ்ச நேரம்' என்பதை வைத்து நகைச்சுவை செய்ய முடியாது, '10 நிமிடம்' என்பதை வைத்துச் செய்யலாம். 'ப்ளாக் மிரர்' தொடரின் 'ஹேங் த டிஜே' (2017) கிட்டத்தட்ட எண்களாலேயே ஓடுகிறது. அங்கே ஆட்களை ஜோடி சேர்ப்பது ஓர் அமைப்பு. ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கையிலிருக்கும் கருவி சொல்லும். ஃப்ராங்குக்கும் ஏமிக்கும் முதலில் கிடைப்பது 12 மணி நேரம். மறுமுறை சேரும்போது பார்க்கவே வேண்டாம் என்று பேசிவைத்துக்கொள்கிறார்கள். ஃப்ராங்க் தாங்கமாட்டாமல் தனியாகப் பார்த்துவிடுகிறான். 5 ஆண்டு என்று காட்டிய எண், அவன் ஒருவனாகப் பார்த்த குற்றத்துக்காகக் கண்ணெதிரே சரிந்து 20 மணி நேரத்தில் வந்து நிற்கிறது. சந்தேகம் உறவைத் தின்னும் என்பதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை, எண் குறைகிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனியுங்கள். ஏமி தண்ணீரில் கல் எறிந்து தத்தவிடுகிறாள். எப்போது எறிந்தாலும் சரியாக நான்கு தத்து. இந்த உலகம் நிஜமில்லை என்பதற்கான துப்பு அது. காதல் காட்சியின் பொழுதுபோக்காக அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கடைசியில், கணினிக்குள் 1000 முறை ஓட்டிப் பார்த்த போலி உலகத்தில் 998 முறை இருவரும் அந்த அமைப்பை மீறிச் சேர்ந்து தப்பியோடினார்கள் என்று தெரியும்போது, 99.8 விழுக்காடு என்ற எண் முத்தத்தைவிட அழகாக இருக்கிறது.

எண்ணின் அளவுதான் கதை நகைச்சுவையா சோகமா என்பதையும் தீர்மானிக்கிறது. எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒரு ஆய்வு நிலையத்தில் இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் 1 மணி நேரம் ஓடினால் மேல்தளத்தில் 6 மணி நேரம் ஓடிவிடும். அவள் கீழே, அவன் மேலே. அவள் "பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்றால் அவன் ஒரு மணி நேரம் காத்திருக்கிறான். சண்டை போட்டுவிட்டு அவள் ஒரு இரவு, 8 மணி நேரம், தூங்கி எழுந்தால் மேலே இரண்டு நாள் ஓடிவிட்டது. அதற்குள் அவன் கடிதம் எழுதிக் கிழித்து, நண்பர்களிடம் புலம்பி, சமாதானமாகி, மறுபடி கோபப்பட்டும் முடித்துவிட்டான். அவள் கண்ணுக்கு அவன் அவசரக்காரன், அவன் கண்ணுக்கு அவள் கல்நெஞ்சக்காரி. இருவர் மேலும் தப்பில்லை. ரொமான்டிக் காமெடிக்கு இதைவிட நல்ல தடை கிடைக்காது.

இப்போது விகிதத்தை மாற்றிப் பாருங்கள். 1க்கு 2 என்றால் வேறு வேறு ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பதிக்கு இருக்கும் தொல்லைதான், கதை எழும்பாது. 1க்கு 60 என்றால் அவளுடைய ஒரு தூக்கம் அவனுக்கு 20 நாள். சிரிப்பு வற்ற ஆரம்பிக்கும். 1க்கு 1000 என்றால் அந்த ஒரு தூக்கத்தில் அவனுக்கு 11 மாதம் போய்விடும். அது துயரக்கதை, அதை வேறு விதமாகத்தான் எழுத வேண்டும். 1க்கு 6 என்ற அளவில் தொல்லையும் இருக்கிறது, தாங்கவும் முடிகிறது.

முடிவும் அந்த எண்ணுக்குள்ளிருந்தே வர வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அவள் மேலே ஏறி வருகிறாள். அதே நேரம் அவளுக்குத் தெரியாமல் அவன் கீழே இறங்கிப்போய், அவள் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புகிறான். அந்தப் பத்து நிமிடத்துக்காக மேலே அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வந்து நிற்கும்போது அவள் எதையும் விளக்க வேண்டியதில்லை. தான் இத்தனை நாளாகச் சொல்லிவந்த 'பத்து நிமிஷம்' எவ்வளவு நீளம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

டைம் லூப் கதைகளில் வேறொரு சிக்கல். எல்லாம் அழிந்து மறுபடி தொடங்கும் என்றால், நடந்த காதலுக்கு என்ன மதிப்பு? 'ஸ்டார்கேட் எஸ்ஜி 1' நான்காவது சீசனின் 'விண்டோ ஆஃப் ஆப்பர்சூனிட்டி' (2000) இதைத் தீர்த்த விதம் பாடம் நடத்தத் தகுந்தது. அதற்கு முந்தைய எபிசோடான 'டிவைட் அண்ட் காங்கர்'இல், பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றின் முன், ஒரே ராணுவக் குழுவைச் சேர்ந்த ஓ'நீலும் கார்ட்டரும் ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் ஈர்ப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. அவர் மேலதிகாரி, கார்ட்டர் அவருக்குக் கீழே பணிபுரிபவர். ராணுவ விதி அனுமதிக்காது. இது இந்த அறையோடு இருக்கட்டும் என்று முடிகிறது. அதாவது தடை என்ன என்பது ஒரு வாரம் முன்பே போட்டாகிவிட்டது.

அடுத்த வாரம் லூப். சுமார் பத்து மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஓ'நீலுக்கும் அவர் குழுவிலிருக்கும் டீல்க்குக்கும் மட்டும்தான் நினைவிருக்கிறது. காட்சிகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் குழப்பம், பிறகு மற்றவர்களை நம்பவைக்கும் போராட்டம், பிறகு பழைய மொழி ஒன்றைக் கற்கும் அலுப்பான உழைப்பு. விளைவுக்குப் பயப்படாமல் எதையும் செய்யலாமே என்று குழுவின் இன்னொரு உறுப்பினரான டேனியல் போகிறபோக்கில் சொன்ன பிறகுதான் விளையாட்டு. வேறு கிரகங்களுக்குப் போகும் வாசலான ஸ்டார்கேட்டுக்குள் கோல்ஃப் பந்தை அடிக்கிறார்கள். அந்த விளையாட்டு உச்சத்துக்குப் போனபோது, லூப் முடியச் சில நொடிகள் இருக்கையில், ஓ'நீல் தளபதியிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார். எதற்கு என்று கேட்டால், இதற்காக என்று கார்ட்டரை முத்தமிடுகிறார்.

எனக்கு முத்தத்தைவிட அந்தக் கடிதம்தான் முக்கியம். சில நொடியில் எல்லாம் அழியப்போகிறது, கடிதம் தேவையே இல்லை. ஆனாலும் கொடுக்கிறார். அழியப்போகிற நேரத்தில்கூட விதியை மதித்து, கார்ட்டரைச் சங்கடத்தில் விடாமல் செய்கிறார் என்பதால் அந்த முத்தம் அத்துமீறலாகத் தெரியாமல் மரியாதையாக மாறுகிறது. கடிதம் இல்லாமல் அந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள், கசக்கும். நினைவில்லாதவரிடம் நினைவுள்ளவர் எடுத்துக்கொள்ளும் உரிமை எப்போதும் ஆபத்தானது. லூப் கதைகளில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடம்தான். ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று ஐம்பது முறை வேவு பார்த்துச் சேகரித்து, ஐம்பத்தோராவது முறை அதை வைத்து மயக்குவதைக் காதல் என்று காட்டினால் கூர்மையான பார்வையாளர் அங்கேயே விலகிவிடுவார்.

கடைசியில் லூப் உடைகிறது. காலை உணவு மேசை. ஏதாவது கிறுக்குத்தனமாகச் செய்து பார்த்தீர்களா என்று டேனியல் கேட்கிறார். ஓ'நீல் பதில் சொல்லவில்லை, கார்ட்டரை ஒருமுறை பார்க்கிறார். நடந்தது அழிந்தாலும் ஒருவர் மனதிலாவது எச்சம் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பார்வை போதும்.

எச்சத்தை இன்னும் கொடூரமாக வைத்தது 'ஃப்யூச்சராமா' என்ற கார்ட்டூன் தொடர். 'டைம் கீப்ஸ் ஆன் ஸ்லிப்பின்' (2001) எபிசோடில் காலம் அவ்வப்போது முன்னால் தாவிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் எல்லோரும் எதையோ செய்திருப்பார்கள், யாருக்கும் நினைவிருக்காது. ஒரு தாவலில் நாயகன் ஃப்ரைக்கும் அவன் விரும்பும் லீலாவுக்கும் கல்யாணமே ஆகிவிட்டிருக்கிறது. அவளை எப்படிச் சம்மதிக்கவைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இன்னொரு தாவலில் விவாகரத்தும் முடிந்துவிடுகிறது. கடைசியில் விண்வெளியில் பார்க்கிறான். நட்சத்திரங்களையே நகர்த்தி அவள் பெயரோடு காதலை எழுதி வைத்திருக்கிறான். அப்படித்தான் அவள் மனதை வென்றிருக்கிறான். ஆனால் காலச் சிக்கலைத் தீர்க்கும் வெடிப்பில் அந்த எழுத்தும் அழிகிறது. லீலா பார்க்கவில்லை. 'தி லாட்ஜ'ரின் முடிச்சேதான், தலைகீழாக. அங்கே காதலைச் சொன்னதும் ஆபத்து போனது, இங்கே ஆபத்தைப் போக்கியதும் சொன்ன காதல் போனது.

எல்லோருக்கும் காதல் காய்ச்சல் வந்துவிடும் வகைக் கதையை நான் கடைசியில்தான் வைப்பேன். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் 'ஃபேசினேஷன்' (1994) அந்த ரகம். ஏற்கெனவே உள்ளூர ஈர்ப்பு இருந்தால்தான் இந்தக் காய்ச்சல் தொற்றும் என்று ஒரு விதியைச் சொல்லிச் சமாளித்தார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கியதும் யாருக்கும் யாரிடமும் பாக்கியில்லை. அந்த எபிசோடில் மனதைத் தொடுவது காய்ச்சலால் வந்த காதல்கள் அல்ல, வேலை காரணமாகப் பிரிந்து வாழும் கணவன் மனைவியான ஓ'ப்ரையனும் கெய்க்கோவும் தெளிந்த மனதோடு போடும் சண்டையும் சமாதானமும்தான்.

அதே தொடரின் ஐந்தாவது சீசனில், 1996இல், வேறொருவர் சொல்லிக்கொடுக்கக் காதலிக்கும் பழைய முடிச்சை எடுத்து இயந்திரத்தோடு பிணைத்தார்கள். மதுக்கடை நடத்தும் குவார்க்குக்கு, போர்க்குணம் மிகுந்த கிளிங்கன் இனத்தைச் சேர்ந்த கிரில்கா என்ற பெண்மணி மேல் ஆசை. சண்டை தெரியாது. அவளுடைய மெய்க்காவலன் வாளோடு மோத அழைக்கிறான். கிளிங்கன் அதிகாரி வொர்ஃப் மறைவில் நின்று வாள் வீச, அந்த அசைவுகள் கருவி வழியாக குவார்க்கின் உடலில் நடக்கின்றன. நடுவே கருவி பழுதாகிறது. இங்கே சாதாரண எழுத்தாளர் குவார்க்கை ஓடவிட்டுச் சிரிக்கவைப்பார். இவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் இனத்தில் சண்டைக்கு நடுவே பெண்ணைப் புகழ்ந்து பேசும் உரிமை உண்டு என்று ஒரு வழக்கத்தை இட்டுக்கட்டி, நேரத்தை ஓட்ட குவார்க் பேச ஆரம்பிக்கிறான். பேசப்பேச அது அவனுடைய சொந்த மனதாகிவிடுகிறது. கடன் வாங்கிய உடல் நின்றுபோன இடத்தில் சொந்தக் குரல் தொடங்குகிறது. பழுது எந்த நொடியில் வர வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வகையில் பாதி வேலை. மறைவில் நிற்கும் வொர்ஃபுக்கும் தன்னருகே இருக்கும் சக அதிகாரி டாக்ஸ் தன்னை விரும்புவது கடைசியில்தான் உறைக்கிறது.

ஏமாற்று என்றால் அதற்கு விலை வேண்டும். 2017 டிசம்பரில் தொடங்கிய கொரியத் தொடர் 'ஐ ஆம் நாட் எ ரோபோ'வில் நாயகனுக்கு மனிதர்கள் தொட்டாலே ஒவ்வாமை. அவன் பழகிப் பார்க்கவிருந்த ரோபோ பழுதாகிவிட, அதே முகம் கொண்ட பெண் ரோபோவாக நடிக்க வருகிறாள். அவள் ரோபோ என்று நம்புவதால் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. உண்மை தெரிந்ததும் ஒவ்வாமை திரும்புகிறது. பொய் சொன்னதற்கான தண்டனை அவன் தோலில் தெரிகிறது, மன்னிப்புக் கேட்டு முடித்துவிட முடியாது. நீண்ட தொடருக்கு இப்படிப்பட்ட தடைதான் தாங்கும்.

தாங்காத தடையை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சூப்பர்மேனின் காதலைச் சொல்லும் 'லோயிஸ் அண்ட் க்ளார்க்' (1993 முதல் 1997 வரை) இருக்கிறது. மூன்றாவது சீசனில் கல்யாணம் என்று அறிவித்துவிட்டு, மணமேடையில் நிற்பது லோயிஸின் நகல், தவளை தின்னும் நகல், என்று திருப்பினார்கள். அந்த நகல் அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த எந்தத் தயக்கத்திலிருந்தும் பிறந்ததல்ல, தேதியைத் தள்ளிப்போட வந்த கருவி. உண்மையான கல்யாணம் 1996 அக்டோபரில் நடந்தது. பார்ப்பவருக்கு அதற்குள் பொறுமை போய்விடும், போனதில் நியாயமும் இருக்கிறது.

விளக்கத்தைக் குறைப்பதும் ஒரு கலை. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதற்கு இரண்டு வாக்கியம், அதுவும் முதல் கால்பகுதிக்குள். மனதைத் திறக்கும் காட்சிக்குப் பக்கத்தில் தொழில்நுட்பப் பேச்சு வந்தால் இரண்டுமே கெடும்.

இதெல்லாம் ஒரு உதட்டுச்சாயத்துக்குள் அடங்கிய எபிசோடும் உண்டு. 2002இல் வந்த 'ஃபயர்ஃப்ளை' தொடரின் 'அவர் மிஸ்ஸஸ் ரெனால்ட்ஸ்'. சாஃப்ரன் என்ற மோசக்காரி மயக்கமருந்து கலந்த சாயத்தைப் பூசிக்கொண்டு, விண்கலத்தின் கேப்டன் மால் என்பவரை முத்தமிடுகிறாள், அவர் சாய்கிறார். மருந்து என்ன செய்யும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, அதே கலத்தில் குடியிருக்கும் இனாரா ஓடி வருகிறாள். மால் தரையில் கிடக்கிறார். மூச்சு இருக்கிறது. அந்த நிம்மதியில், இத்தனை நாள் காட்டாத அன்பில், குனிந்து முத்தமிட்டுவிடுகிறாள். அடுத்த நொடி, செய்த தப்பு அவள் முகத்தில் தெரிகிறது, அவளும் சாய்கிறாள். எழுந்த பிறகு, தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று சாதிக்கிறாள்.

எல்லாம் முடிந்து மால் அவள் அறைக்கு வருகிறார். நீ தடுக்கி விழவில்லைதானே என்கிறார். இல்லை என்கிறாள். பிடிபட்டுவிட்டோம், சொல்லியே ஆக வேண்டும் என்று அவள் தயாராகும் நேரத்தில், எனக்குத் தெரியும், சாஃப்ரன் உன்னையும் முத்தமிட விட்டுவிட்டாய் என்று வெற்றிக் களிப்போடு சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கேமரா இனாராவின் முகத்தில் நிற்கிறது.